பதினோராவது வார்டின் நிழல் உறுப்பினர்

பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டுக் காளீஸ்வரி வீடு திரும்பிய அன்று, கிழக்குக் காலனியில் ஒருவர்கூட அவளை நலம் விசாரிக்கவில்லை.

ஆட்டோ தெருமுனையில் நின்றது. குழாயடியில் நின்றிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரென்று தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். செங்கரடு நகராட்சியின் பதினோராவது வார்டுக்கு அவளை உறுப்பினராக்கியவர்கள் இவர்கள்தான். அதற்கு முன் ஒன்பது வருடம் கொசு ஒழிப்புப் பணியாளராக இதே தெருக்களில் வீடு வீடாக ஏறி இறங்கியவள் அவள். யார் வீட்டுத் தொட்டிக்கு மூடி இல்லை, யார் வீட்டுச் சாக்கடை எங்கே அடைத்துக்கொள்ளும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

"வெயிலா இருக்கு, வெரசா வா" என்று சொல்லிவிட்டு அவள் கணவன் ஜெயமுருகன் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். அவன் நடையில் ஓர் அவசரம் இருந்தது.

அந்த வருடம் வந்த காய்ச்சலுக்கு டாக்டர்கள் நீளமாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் நாக்கு கறுத்துப்போவதால் ஜனங்கள் அதைக் கருநாக்குக் காய்ச்சல் என்றார்கள். காற்றில் பரவாது. தண்ணீரில் பரவும்; நோயாளியின் கழிவு தண்ணீரில் கலந்தால் ஒரு தெருவையே படுக்க வைத்துவிடும். காளீஸ்வரி பிழைத்துவிட்டாள். நாக்கில் மட்டும் ஒரு மரமரப்பு மிச்சமிருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி பாண்டியம்மாவைப் பற்றி. ஒன்பது வருடமும் அவளோடு சேர்ந்து தெருத்தெருவாக மருந்தடித்தவள் பாண்டியம்மா.

ஜெயமுருகன் செருப்பைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தான். "பதினெட்டாந்தேதி போயிருச்சு. நீ இருந்த நெலமையில சொல்ல வேணாம்னு விட்டுட்டேன்."

அவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சுவரைப் பிடித்துப் பிடித்து அடுத்த தெருவுக்கு நடந்தாள். பாண்டியம்மாவின் மகள் சுபா வாசலிலேயே வழிமறித்து நின்றாள். ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பெண். ஐந்து நாளில் முகம் வற்றிப்போயிருந்தது.

"என்ன பாக்க வந்தீக? ஆளு செத்துட்டாளா, இல்ல இன்னும் இழுத்துக்கிட்டுக் கெடக்குறாளான்னு பாக்க வந்தீகளா?"

"சுபா, எனக்கு இப்பத்தான் தெரியும்மா..."

"எது தெரியும்? குழி வெட்டச் சொன்னது நீங்க. இப்பத்தான் தெரியுமா?"

"எந்தக் குழி?"

சுபா உள்ளே போய்த் தன் போனை எடுத்துவந்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். நகராட்சி வெளியிட்ட மன்றக் கூட்ட வீடியோ. தேதி ஒன்பது. அதில் காளீஸ்வரி பேசிக்கொண்டிருந்தாள். அவளிடம் இல்லாத ஒரு நீலப் பட்டுச்சேலை; படிய வாரிய தலை; காய்ச்சலே காணாத முகம்.

"மாண்புமிகு தலைவர் அவர்களே, தனிமை முகாமின் கழிவுக் குழியை எங்கள் வார்டின் ஓடைக்கரையில் அமைப்பதை எங்கள் பகுதி மக்கள் மனதார வரவேற்கிறார்கள். நெருக்கடி காலத்தில் தியாகம் செய்ய நாங்கள் என்றும் பின்வாங்கியதில்லை."

தியாகம் என்ற சொல்லைக் காளீஸ்வரி தன் வாழ்நாளில் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் குரல் அவளுடையது. ஒரு வார்த்தையை முடிக்கும்போது லேசாக மூச்சு வாங்குவதுகூட அவளுடையதுதான்.

"ஒம்பதாந்தேதி நான் மூக்குல குழாயோட நெனப்பில்லாமக் கெடந்தேன் சுபா."

"அப்ப இது யாரு?"

சுபா தொடர்ந்தாள். "குழி வெட்டுன மூணாம் நாள் மழை. ஓடை நெறஞ்சு வந்துச்சு. காலனியே குடிக்கிற வட்டக்கெணத்துத் தண்ணி அப்பவே நாறிப்போச்சு. நகராட்சியில போய்க் கேட்டா, உங்க கவுன்சிலரே கேட்டு வாங்குன திட்டம்மான்னு சொல்லி அனுப்பிட்டாங்க. இந்தக் காலனியில ஒம்பது பேரு. எங்கம்மாவோட ஒம்பது."

கதவு சாத்தப்பட்டது.

வீட்டுக்கு வந்ததும் ஜெயமுருகனை நேருக்கு நேர் நிறுத்திக் கேட்டாள்.

"அது நெழலு" என்றான் அவன். "கொள்ளை நோய்க் காலத்துக்குன்னு அரசாங்கம் கொண்டாந்தது. உறுப்பினருக எல்லாம் ஒரு எடத்துல கூடி உக்கார முடியாதுல்ல. அதனால ஒவ்வொருத்தரு மூஞ்சி, குரலு, இதுவரைக்கும் மன்றத்துல பேசுனது எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தி ஒரு நெழல் உறுப்பினரச் செஞ்சிருக்காக. நோவுல படுத்தவுக, வராதவுக சார்பா அது பேசும், ஓட்டுப் போடும். சட்டப்படி செல்லும்."

"நான் எப்ப ஒத்துக்கிட்டேன்?"

அவன் அவளுடைய வலது கையைப் பார்த்தான். "நாலாந்தேதி உனக்கு நாக்கு கறுத்து மூச்சுத் திணறுச்சு. எங்கயும் பெட் இல்ல. வராண்டாவுல உன்னையப் போட்டு வச்சிருந்தேன். தலைவரோட ஆளு வந்து, நெழலுக்குச் சம்மதம் குடுத்த உறுப்பினருக்குத்தான் முன்னுரிமை, ரேகை வச்சா அரை மணி நேரத்துல பெட்டுன்னாரு. உன் கட்டவெரலப் பிடிச்சு வச்சுட்டேன். உசுரு பெருசா, கூட்டம் பெருசா? நீயே சொல்லு."

உயிரைக் காப்பாற்றியவனை எந்த வாயால் திட்டுவது? நான்கு வருடமாகவே பல விஷயங்களில் அவள் வாய் இப்படித்தான் அடைபட்டிருந்தது. வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதால் அவளை நிற்க வைத்தார்கள். ஜெயித்த பிறகு அவள் மன்றத்துக்குள் காலெடுத்து வைத்தது பதவியேற்ற அன்று ஒருமுறை, கொடியேற்றத்துக்கு ஒருமுறை. மற்றபடி ஜெயமுருகன்தான் போனான். அவள் நாற்காலியில் உட்கார்ந்தான், பேசினான். கையெழுத்துப் போட நோட்டை வீட்டுக்கு அனுப்பி வைத்தான். ஊருக்கு அவன் 'கவுன்சிலர்', அவள் 'கவுன்சிலர் வீட்டம்மா'.

"வெள்ளிக்கிழமை கூட்டம் இருக்குல்ல? நான் போறேன்" என்றாள்.

"நெழலே பேசும். நீ படு."

"நான் போறேன்."

நகராட்சிக் கட்டடத்தின் மாடியில் இருந்தது மன்ற அரங்கம். பதினெட்டு நாற்காலிகளுக்கும் தூசி படாமல் துணி போர்த்தியிருந்தார்கள். சுவரில் பெரிய திரை. அதில் பதினெட்டுக் கட்டங்கள். கட்டத்துக்கு ஒரு முகம். நகர்மன்றத் தலைவர் சங்கரபாண்டியனின் நிழல் மேல் வரிசையில் சிரித்தபடி இருந்தது. அவர் மலைமேல் தோட்ட வீட்டுக்குப் போய் ஒரு மாதமாகிறதாம். உயிருள்ள மனிதர்களாக அங்கே இருந்தவர்கள் இரண்டு பேர்: ஆணையர் ரெஹானா பேகம், கணினியைக் கவனித்துக்கொள்ளும் உதவி புரோகிராமர் பிரிட்டோ. காளீஸ்வரியைக் கண்டதும் இருவரும் எழுந்துவிட்டார்கள். ஓர் உறுப்பினர் நேரில் வருவார் என்பதை அவர்கள் மறந்தே போயிருந்தார்கள்.

கூட்டம் தொடங்கியது. நிழல்கள் ஒன்றையொன்று அழகாக விளித்துப் பேசின. யாரும் யாரையும் குறுக்கிடவில்லை. ஏழு நிமிடத்தில் இருபத்திரண்டு தீர்மானங்கள் நிறைவேறின. இருபத்து மூன்றாவதை முன்மொழிய எழுந்தது நீலப் பட்டுச்சேலை.

"பதினோராவது வார்டில் தொற்று மிகுந்திருப்பதால், நகர மக்களின் நலன் கருதி எங்கள் வார்டைத் தகரத் தடுப்புகளால் இருபத்தோரு நாள் முழுமையாக அடைக்குமாறு முன்மொழிகிறேன்."

காளீஸ்வரி துணியை விலக்காமலேயே தன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தொண்டை கிழியக் கத்தினாள்.

"நான் முன்மொழியல! குழிய வெட்டிக் கெணத்துல கழிவ எறக்குனது நீங்க. இப்ப அந்தக் கெணத்தோட சேத்து எங்களத் தகரம் வச்சு அடைப்பீங்களா? உள்ள இருக்குற ஆயிரத்துச் சொச்சம் பேரும் எதைக் குடிப்பாக? நான் எதிர்க்கிறேன். எழுதிக்கங்க, நான் எதிர்க்கிறேன்."

திரையில் அவளுடைய கட்டம் மஞ்சளானது. ஒரு பெண்குரல் பதற்றமே இல்லாமல் அறிவித்தது: "முகம் பொருந்துகிறது. குரல் பொருந்துகிறது. கருத்து பொருந்தவில்லை. இவர் பதினோராவது வார்டு உறுப்பினர் அல்லர் என்று கருதப்படுகிறது. அடையாளத் தகராறு பதிவாகிறது. இருக்கை நிறுத்திவைக்கப்படுகிறது."

"மேடம்!" காளீஸ்வரி ஆணையர் பக்கம் திரும்பினாள். "நான் உசுரோட உங்க முன்னால நிக்கிறேன். என்னை உங்களுக்குத் தெரியும்ல?"

ரெஹானா பேகம் மேசையைப் பார்த்தபடி சொன்னார். "தெரியும்மா. ஆனா அவசரச் சட்டத்துல உறுப்பினர் யாருன்னு சொல்ற அதிகாரம் எனக்கு இல்ல. மன்றம் தீர்மானிக்கிறதை நிறைவேத்துறதுதான் என் வேலை."

"ஒம்பது பேரு செத்ததும் மன்றம் தீர்மானிச்சதுதானா?"

மீதமிருந்த பதினேழு நிழல்களும் ஆதரவு என்றன. அடைப்புத் தீர்மானங்களை மூன்று நாள் கழித்து இன்னொரு கூட்டம் உறுதி செய்ய வேண்டும் என்பது விதி. திங்கட்கிழமை பதினோரு மணி என்று திரை சொன்னது.

காளீஸ்வரி படியிறங்க முடியாமல் வராண்டா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். பிரிட்டோ ஒரு பாட்டில் தண்ணீரோடு வந்தான். மெலிந்த இளைஞன், பேசும்போது குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, மெஷின் மேல தப்பில்ல. நாலு வருஷ நடவடிக்கைக் குறிப்பை அதுக்குக் குடுத்திருக்காங்க. அதுல பதினோராவது வார்டு உறுப்பினர் 'ஆதரிக்கிறேன்'னு சொன்னது நூத்திப் பத்துத் தடவை. 'எதிர்க்கிறேன்'னு ஒரு தடவைகூட இல்ல. இன்னைக்கு நீங்க திடீர்னு எதிர்த்ததும், யாரோ உங்க வேஷத்துல வந்திருக்காங்கன்னு நெனச்சிருச்சு."

"அதெல்லாம் எங்க வீட்டுக்காரரு பேசுனதுய்யா. நான் இங்க வந்து வாயே தெறந்ததில்ல."

"குறிப்புல உங்க பேருதான்கா இருக்கு."

அவள் பாட்டிலைத் திறக்காமல் பிடித்திருந்தாள். "அப்ப அந்த நெழலு... என் மூஞ்சி, என் குரலு, அவுக பேச்சு. அப்படித்தான?"

பிரிட்டோ தலையசைத்தான். பிறகு மாடியை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, "ஒன்னு கவனிச்சீங்களா?" என்றான். "தகராறு பதிவானதும் உங்க நிழலும் வாயைத் திறக்கல. விசாரணை முடியிற வரைக்கும் அந்த இருக்கையே செத்த மாதிரி. நிழல் கூட்டம் செல்லணும்னா தகராறு இல்லாத இருக்கை பன்னிரண்டு வேணும். பதினெட்டுல ஏழு கொறஞ்சா கூட்டமே கெடையாது. மன்றம் கூட முடியலேன்னா அதிகாரம் ஆணையர் கைக்குப் போயிரும். சட்டத்துல கடைசிப் பக்கத்துல இருக்கு. யாரும் படிக்கல."

"நீ ஏன்யா இதை எங்கிட்டச் சொல்ற?"

"குழிக்கு வரைபடம் ஏத்துனது நான்தான்கா" என்றான் அவன். "ஓடை எந்தப் பக்கம் ஓடுதுன்னு அதுல போட்டிருந்தேன். யாரும் கேக்கல. நானும் சொல்லல."

மன்றத்தில் பெண் உறுப்பினர்கள் அவளோடு ஒன்பது பேர். சனி, ஞாயிறு இரண்டு நாளும் காளீஸ்வரி அவர்கள் வீட்டுப் படிகளை ஏறி இறங்கினாள். நான்கு தெருவுக்கு ஒருமுறை உட்கார வேண்டியிருந்தது.

ஆறாவது வார்டு சகாயராணி தையல் கடை வைத்திருப்பவள். கூட்டம் நடப்பதே அவளுக்குத் தெரியாது. வீடியோவைப் போட்டுக் காட்டியதும், தன் நிழல் தன் தெரு ரேஷன் கடையை மூடச் சொல்லிப் பேசுவதை இரண்டு முறை பார்த்தாள். கத்தரிக்கோலை மேசையில் எறிந்தாள். "என் மூஞ்சிய வச்சுக்கிட்டு எவன் பேசுறான்? திங்கக்கிழமை எத்தன மணிக்கு?"

பதினைந்தாவது வார்டு உமையாள் கம்பிக் கதவைத் திறக்கவே இல்லை. "எங்க வீட்டுக்காரரு பேசுனா நான் பேசுன மாதிரிதான். எனக்கு இதுல என்ன கொறை?" என்று உள்ளேயிருந்தே சொன்னாள். இன்னொருத்தி திருப்பூரில் மகள் வீட்டில் இருந்தாள். மற்றொருத்திக்கு அன்றுதான் நாக்கு கறுத்திருந்தது. ஞாயிறு மாலை எண்ணிப் பார்த்தபோது காளீஸ்வரியோடு ஆறு பேர். ஏழு வேண்டும்.

ஆண்களில் யாராவது வருவார்களா என்று கடைசியாக மூன்றாவது வார்டுக்குப் போனாள். அங்கே உறுப்பினர் அருணாசலம்; ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், நேர்மையானவர் என்று பெயர். வாசலில் அவருடைய படத்துக்கு மாலை போட்டிருந்தது.

"பன்னெண்டு நாளாச்சும்மா" என்றார் அவர் மனைவி கோமதி.

வெள்ளிக்கிழமை அவர் முகம் திரையில் இருந்தது. ஆதரிக்கிறேன் என்றது. சொல்லலாமா கூடாதா என்று காளீஸ்வரி தயங்கி, கடைசியில் போனைக் கொடுத்துவிட்டாள்.

கோமதி பார்த்தார். கணவரின் குரல் கேட்டதும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். இன்னொரு தடவை போடச் சொன்னார். மூன்றாவது தடவை கேட்டபோது அழுகை நின்றிருந்தது.

"இவரு இப்படிச் சொல்லவே மாட்டாரு. எதைக் கேட்டாலும் 'யோசிச்சுச் சொல்றேன்'னுதான் சொல்லுவாரு. கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்க வந்தப்பவும் அப்படித்தான் சொன்னாரு. மன்றத்துல முக்காவாசித் தீர்மானத்துக்கு மறுப்பு எழுதிக் குடுத்தவரும்மா. அவரு நிழலு எப்படி எல்லாத்துக்கும் தலையாட்டுது?"

கோமதி எழுந்துபோய்ப் பீரோவிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துவந்தார். இறப்புச் சான்றிதழ்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு ஆறு பெண்கள் அவரவர் நாற்காலித் துணியை உருவிக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். கோமதி சுவரோரம் நின்றார். ஆணையர் அவர்களைத் தடுக்கவில்லை. பிரிட்டோ திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடைப்புத் தீர்மானம் வாசிக்கப்பட்டது. காளீஸ்வரியின் இருக்கை ஏற்கெனவே இருண்டிருந்தது. சகாயராணி எழுந்தாள்.

"ஆறாவது வார்டு உறுப்பினர் நான்தான். அங்க பல்லக் காட்டிக்கிட்டு நிக்கிறது நான் இல்ல. ரேஷன் கடைய மூடச் சொன்னதுக்கும் எதிர்ப்பு, இதுக்கும் எதிர்ப்பு."

"கருத்து பொருந்தவில்லை" என்றது குரல்.

"பொருந்தாது. எப்படிப் பொருந்தும்?"

அடுத்தடுத்து எழுந்தார்கள். ஒருத்திக்குப் பேச்சே வரவில்லை; "வேண்டாம், வேண்டாம்" என்று மட்டும் சொன்னாள். அவளையும் அவள் இல்லை என்றது மெஷின். ஆறு கட்டங்கள் மஞ்சளாகி இருண்டன. பிறகு குரல் சொன்னது: "தகராறற்ற இருக்கைகள் பன்னிரண்டு. கூட்டம் செல்லும். வாக்கெடுப்பு தொடங்குகிறது."

கோமதி முன்னால் வந்து சான்றிதழை ஆணையர் மேசையில் வைத்தார்.

"மூணாவது வார்டு உறுப்பினர் செத்துப்போயிட்டாரும்மா. உங்க ஆபீஸ் சீல்தான், கீழ்த்தளத்துல குடுத்தாங்க. கீழ செத்துட்டாருன்னு எழுதிக் குடுத்துட்டு மேல அவரு ஓட்ட எண்ணுறீங்களே, இது என்ன நியாயம்?"

ரெஹானா பேகம் அந்தக் காகிதத்தின் முத்திரையையும் தேதியையும் சரிபார்த்தார். பின் அதை பிரிட்டோவிடம் நீட்டினார். அவன் சான்றிதழ் எண்ணைத் தட்டினான். தலைமையாசிரியரின் முகம் திரையிலிருந்து மறைந்தது. தலைவரின் நிழல் மட்டும் ஏதோ சொல்ல வாயைத் திறந்த நிலையில் உறைந்தது.

"தகராறற்ற இருக்கைகள் பதினொன்று. கூட்டம் செல்லாது."

திரை கறுத்தது.

காளீஸ்வரி ஆணையர் முன்னால் போய் நின்றாள். "இப்ப மன்றம் இல்ல மேடம். அதிகாரம் உங்க கையில. இனிமே மன்றம் சொல்லுச்சுன்னு சொல்ல முடியாது. சொல்லுங்க."

அவர் போனை எடுத்துப் பொறியாளரை அழைத்தார். "ஓடைக்கரைக் குழியை இன்னைக்கே காலி பண்ணிக் கிருமி நீக்கி மூடுங்க. முகாம் கழிவை இனி ரெண்டாவது வார்டுப் பொறம்போக்குக்குக் கொண்டு போங்க. வட்டக்கிணத்து மோட்டாரை நிறுத்துங்க. காலனிக்குக் காலையும் சாயங்காலமும் லாரித் தண்ணி. தகரம் வேண்டாம், இறக்கினதை எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க."

பேசி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. காளீஸ்வரிக்குக் கண்ணில் நீர் முட்டியது. அது சந்தோஷத்தால் வந்த கண்ணீர் இல்லை.

"ஒரு நிமிச வேலை மேடம் இது" என்றாள். "இந்த ஒரு நிமிசத்தை நீங்க ஒம்பதாந்தேதி செஞ்சிருந்தா எங்க பாண்டியம்மா இருந்திருப்பா."

கருநாக்குக் காய்ச்சல் ஒன்றரை மாதத்தில் ஓய்ந்தது. நிழல் உறுப்பினர் முறையை விசாரிக்க வெளியூரிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். நடுவயதுக்காரர், ஒவ்வோர் உறுப்பினரையும் தனித்தனியாகக் கூப்பிட்டார். காளீஸ்வரி முறை வந்தபோது ஜெயமுருகனும் கூடவே வந்து, அழைக்காமலே அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தான்.

"உங்க நிழல் உங்க கணவர் பேச்சை வச்சு செஞ்சதுன்னு புகார்ல சொல்லியிருக்கீங்க" என்றார் அதிகாரி. "பாதி சரி. நீங்க கொசு ஒழிப்பு வேலையில இருந்தப்ப தினமும் சாயங்காலம் குரல் பதிவுல அறிக்கை அனுப்பியிருக்கீங்க, இல்லையா? சுகாதாரப் பிரிவுல ரெண்டாயிரத்துக்கு மேல இருந்திருக்கு. குரலுக்காக அதையும் குடுத்திருக்காங்க. அது குரலை மட்டும் எடுத்துக்கல. உங்களுக்குத் தெரிஞ்சதையும் சேத்து எடுத்துக்கிச்சு."

ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார். ஒன்பதாம் தேதி, கூட்டத்துக்கு முன் நிழலிடம் கருத்துக் கேட்ட பதிவு. அவள் எழுத்து எழுத்தாகப் படித்தாள்.

முதல் பதில்: 'வேணாம். ஓடைத் தண்ணி வட்டக்கெணத்துக்குத்தான் எறங்குது. அங்க குழி வெட்டுனா மழைக்கு எல்லாம் கலந்துரும், காலனியே படுத்துரும். ரெண்டாவது வார்டுப் பொறம்போக்கு மேடு. அங்க வெட்டுங்க.'

அதன் கீழே: 'அங்கீகரிக்கப்பட்ட பிரதிநிதி: இது உறுப்பினரின் கருத்து அல்ல. திருத்துக.'

இரண்டாவது பதில்: 'கெணத்த நம்பித்தான் சனம் இருக்கு. வேணாம்.' மறுபடியும், திருத்துக.

மூன்றாவது பதில் ஒரே சொல்: 'வேணாங்க.' திருத்துக.

நான்காவது, மாண்புமிகு தலைவர் அவர்களே என்று தொடங்கியது.

"பல உறுப்பினர்களுக்கு இப்படித்தான் நடந்திருக்கு" என்றார் அதிகாரி. "செத்துப்போன தலைமையாசிரியர் நிழலைப் பதினாலு தடவை திருத்தியிருக்காங்க, அவர் பையன் போன்லருந்து. உங்களுடையதை மூணு தடவை, உங்க வீட்டுப் போன்லருந்து."

காளீஸ்வரி தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பெட்டுக்காகத்தான் காளி" என்றான் ஜெயமுருகன். "உன் உசுருக்காக..."

"பெட்டு நாலாந்தேதியே கெடச்சிருச்சுங்க. இது ஒம்பதாந்தேதி."

அதிகாரி ஜன்னல் பக்கம் பார்த்தார். ஜெயமுருகன் மெதுவாகச் சொன்னான்.

"தலைவரு போன் பண்ணாரு. 'கவுன்சிலரே, உன் வீட்டம்மா நெழலு மொரண்டு பிடிக்குது, கொஞ்சம் எடுத்துச் சொல்லுப்பா'ன்னாரு. நான் புதுசா ஒன்னும் செய்யல. வீட்ல உங்கிட்டச் சொல்ற மாதிரிதான் சொன்னேன். நீயும் மூணு தடவைக்கு மேல மறுத்துப் பேசமாட்ட. அதுவும் பேசல."

அவள் அவனை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அதிகாரியிடம், "திருத்துனது யாருன்னு ஒரு கேள்வி இருக்குமே சார் உங்க படிவத்துல" என்றாள்.

"இருக்கு. பிரதிநிதின்னு மட்டும் போட்டாப் போதும். பேரு எழுதணும்னு இல்லம்மா."

"பேரையே எழுதுங்க."

ஜெயமுருகன் எழுந்து வெளியே போனான். அவனுடைய பைக் கிளம்பும் சத்தம் கேட்டது. அவள் அந்தத் தாளுக்கு ஒரு நகல் வாங்கிக்கொண்டு காலனிக்கு நடந்தே வந்தாள். லாரித் தண்ணீருக்கு வரிசை நின்றிருந்தது. சுபா வரிசையின் நடுவில் நின்றாள். காளீஸ்வரி நகலை அவளிடம் நீட்டினாள்.

சுபா குடத்தைக் கீழே வைத்துவிட்டு நின்றபடியே படித்தாள். மூன்றாவது பதிலுக்கு வந்ததும் அதன்மேல் விரலை வைத்தாள். ஆனால் நிமிர்ந்தபோது கண்ணில் ஈரம் இல்லை.

"இது மெஷினு சொன்னது" என்றாள். "இதைச் சொல்ல வேண்டியவுக நீங்க. நாலு வருசமா அந்த நாக்காலியில உங்க வீட்டுக்காரருதான உக்காந்தாரு. அதுல போய் நீங்க உக்காந்திருந்தா எவன் திருத்திருப்பான்?"

வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். காளீஸ்வரி மறுக்கவில்லை.

"ஆமா" என்றாள். "உக்காரல. என் தப்புத்தான்."

சுபா தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். வரிசை நகர்ந்தது, குடத்தைக் காலால் தள்ளிக்கொண்டே முன்னால் போனாள். இரண்டடி போய்த் திரும்பினாள்.

"அடுத்த கூட்டம் எப்ப?"

"வியாழக்கெழமை. பதினோரு மணி."

"கடையில லீவு சொல்லிட்டு நானும் வாரேன். பாக்குறவுகளுக்குப் பெஞ்சு போட்டிருப்பாங்கல்ல, அதுல உக்காந்துக்கிறேன்" என்றாள் சுபா. "நீங்க பேசுறீகளான்னு நான் பாக்கணும்."